காத்திருப்போர் பட்டியலில் நாமும்

தலைநகரின் சாணக்யபுரியில், பல நாட்டுத் தூதரகங்கள் அணிவகுத்து நிற்கும் சாந்தி பத் சாலையை அடுத்து, அதிக ஆரவாரமின்றி அமைந்திருக்கிறது தேசிய ரயில் பொருட்காட்சிசாலை. 1971-ஆம் ஆண்டில் இதற்கு அடிக்கல் நாட்டியவர் அப்போதைய குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அவர்கள். ரயில்வேத் தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்த பெருமகனார் அவர். 1977-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அது மக்களுக்குத் திறக்கப்பெற்றது. 1855-இல் பிறந்த 'ஃபேரி குவீன்' எஞ்சின், ஒரே தண்டவாளத்தின்மீது ஓடிய பட்டியாலா வண்டி, மைசூர் மகாராஜாவின் சலூன் முதலியவற்றைக் காணக் குழந்தைகளை அழைத்துச் செல்லாத தில்லித் தமிழ்க் குடும்பம் குறைவு. நாமும் ஒரு ஞாயிறன்று சென்றோம்.

ஆங்கே எஞ்சின்களைவிட நம் மகளின் கண்ணைக் கவர்ந்தது ஒரு யானையின் மண்டையோடு. 1894-ஆம் ஆண்டில் கோல்கேரா என்னும் இடத்தில் ஓர் அஞ்சல் வண்டியை எதிர்த்துப் பாய்ந்து மோதி மாண்ட யானை அது. குழந்தை சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, தப்பு யார் மேலே? யானை மேலேயா, வண்டி ஓட்டினவர் மேலேயா?" என்று கேட்டாள்.

நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. ரயில்வேக் குமாஸ்தாவாகிய நமது கை, எது நேர்ந்தாலும் 'பொறுப்பாளர்' என்னும் கட்டத்தில் ஒரு பெயரை எழுதிப் பழகிய கை. கட்டமோ ஒரு பெயருக்குத்தான் இடம் தரும். காட்டை ஊடறுத்துத் தடம் போட்டவர், வண்டியின் வேகத்தை வகுத்தவர், யானை நடமாடும் நேரம் அறிந்தும் சொல்லாதவர், சொன்னதைக் கேளாதவர் இத்தனை பேரையும் அக்கட்டத்தில் அடக்க முடியாது. 'அதெல்லாம் பழங்கதை அம்மா' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். ஆனால் அது பழங்கதை அன்று.

கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே மதுக்கரை என்னும் ஊர் உண்டு. அதனைத் தாண்டி, எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் நடுவே, ரயில் தடங்கள் இரண்டு மலையடிவாரக் காட்டின் வழியே செல்கின்றன. யானைகள் மலையிலிருந்து இறங்கி நீருக்கும் தீவனத்துக்கும் கடந்து செல்லும் வழியும் அதுவே. பலமுறை யானைகள் அடிபட்டன. 2021-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு நவக்கரை அருகே மங்களூர்–சென்னை வண்டியில் அடிபட்டு மூன்று யானைகள் ஒருங்கே மாண்டன. அடுத்து நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. வனத்துறையினர் எஞ்சின் ஓட்டுநர்களை விசாரணைக்காகத் தடுத்து வைத்தனர். வண்டி விதித்த வேகத்தில்தான் சென்றதா என்று அறிய, எஞ்சினில் வேகத்தைப் பதியும் சில்லை எடுத்து வர அவர்கள் பாலக்காட்டுக்குச் செல்ல, அங்கே ரயில்வேப் பாதுகாப்புப் படையினர் வனத்துறையினரைத் தடுத்து வைத்தனர்! யானைகள் இறந்த துயரம் ஒருபுறம் இருக்க, அரசாங்கத்தின் இரண்டு கரங்கள் ஒன்றையொன்று பிடித்து முறுக்கிக்கொண்டு நின்ற காட்சி அது.

இரு சாராரையும் நாம் குறை கூற வரவில்லை. வனத்துறை ஊழியரின் கண்ணுக்குத் தெரிவது இறந்து கிடக்கும் யானை. ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவது விளக்கொளி எட்டும் தூரமும், பின்னால் தொடுத்திருக்கும் பெட்டிகளில் உறங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களும், காலதாமதமானால் விளக்கம் கேட்டு வரும் ஓலையுமே. பிரேக் பிடித்த பின்னும் வண்டி வெகுதூரம் ஓடித்தான் நிற்கும் என்பதை அவர் அறிவார், யானை அறியாது, பல சமயம் வனத்துறையும் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. அவரவர் இடத்திலிருந்து அவரவர் செய்தது சரி. அத்தனை சரிகளும் சேர்ந்து மூன்று உயிர்களைக் கொன்றன.

பின்னர் நிலைமை மெல்ல மாறிற்று. சென்னை உயர்நீதிமன்றம் இவ்விஷயத்தை விசாரித்தது. யானைகள் கடக்கத் தடத்தின் அடியில் சுரங்க வழிகளை ரயில்வே அமைத்தது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தமிழக வனத்துறை சுமார் 7 கோடி ரூபாய்ச் செலவில் 12 கோபுரங்களை நிறுவி, இருளிலும் உடற்சூட்டைக் கொண்டு யானையைக் கண்டறியும் காமிராக்களைப் பொருத்தியது. யானை தடத்தை நெருங்கினால் மதுக்கரையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி வரும்; அங்கிருந்து நிலைய அதிகாரிக்கும் ஓட்டுநருக்கும் களத்திலுள்ள வனக் காவலருக்கும் செல்லும். முதலாண்டில் ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகள் பிறந்தன. அத்தடங்களில் ஒரு யானையும் அவ்வாண்டில் அடிபட்டு இறக்கவில்லை.

இதில் காமிராவின் திறமையைப் பலரும் புகழ்ந்தனர். நமக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. முன்பு வனத்துறைக்குத் தெரிந்தது ரயில்வேக்குத் தெரியாது. தெரிந்தாலும் மறுநாள் காலை கடிதமாகத் தெரியும். இன்று யானை எங்கே நிற்கிறது என்பதை இருவரும் ஒரே நொடியில் அறிகின்றனர். 'உங்கள் வண்டி', 'உங்கள் யானை' என்ற பேச்சு போய், 'நமது தடம்' என்ற பேச்சுக்கு இடம் உண்டாயிற்று. வடகிழக்கு எல்லை ரயில்வே 2017-இல் யானைகளை விலக்கத் தடத்தருகே தேனீக்களின் ரீங்காரத்தை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்ததும் இவ்வினமே. யானைக்குத் தேனீயிடம் அச்சம் என்பது எந்த ரயில்வே விதிநூலிலும் இல்லை; காட்டை அறிந்தவரிடம் கேட்டுக் கற்றது.

இவ்வாறு உறுப்புகளைத் தனித்தனியே நோக்காமல், ஒன்றை ஒன்று எவ்வாறு இழுக்கிறது என்று முழு அமைப்பையும் நோக்கும் கலைக்கு அமெரிக்காவில் ஒரு சாஸ்திரமே உண்டாகியிருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பீட்டர் செங்கே என்பார் 1990-இல் 'ஐந்தாவது ஒழுக்கம்' என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு ஸ்தாபனம் தன் அனுபவத்திலிருந்து கற்க வேண்டுமானால் ஐந்து பயிற்சிகள் தேவை என்பது அவர் கருத்து. ஐந்தாவதான முழுமை நோக்கு மற்ற நான்கையும் ஒன்றாகக் கட்டுவது. அந்நான்கனுள் ஒன்று, தன்னைத் தான் பயிற்றிக்கொள்ளுதல். தன்னைத் திருத்திக்கொள்ளாதவர் கூடிய ஸ்தாபனம் எதையும் கற்காது என்கிறார். காரியாலயத்தில் பத்தாண்டு அமர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

முழுமை நோக்கு என்பது வட்டங்களைக் காணுதல். சாணக்யபுரியிலேயே ஓர் உதாரணம் உண்டு. தில்லியைச் சுற்றி 1975-இல் அமைத்து, 1982 ஆசிய விளையாட்டுகளின்போது விரிவாக்கிய ரிங் ரயில்வேயில் 'சாணக்யபுரி' என்றே ஒரு சிறு நிலையம் இருக்கிறது. நம் அன்பர்களில் எத்தனை பேர் அதைக் கண்டிருப்பர்? நிலையத்திலிருந்து வெளியே வந்தால் பஸ் கிடைப்பது அரிது. ஆகவே பிரயாணிகள் சிலர். பிரயாணிகள் சிலர், ஆகவே வண்டிகள் சில. வண்டிகள் சில, ஆகவே பிரயாணிகள் இன்னும் சிலர். எவரும் கெட்ட எண்ணத்துடன் ஒன்றும் செய்யவில்லை. வட்டம் தானே சுழன்று தன்னைத் தேய்த்துக்கொண்டது.

அக்கழகத்தில் 1960-களிலிருந்து மாணவர்க்கு ஓர் ஆட்டம் பயிற்றுகின்றனர். அதில் கைமாறும் சரக்கு பீர்; நம் சங்கத்துக் குடும்பங்கள் அதைக் காப்பிப் பொடி என்று கொள்வது நலம். சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், உற்பத்தியாளர் என நால்வர். ஒருவர் எழுதும் ஆர்டர் சில வாரங்கள் கழித்தே சரக்காக வரும். ஆட்டத்தின் தொடக்கத்தில் வாரத்துக்கு 4 பெட்டி விற்கும். பின்னர் ஒரு வாரம் அது 8 ஆகி, அப்படியே நின்றுவிடும். வேறொரு மாற்றமும் இல்லை. ஆயினும் சரக்கு வரத் தாமதமாவது கண்டு கடைக்காரர் அஞ்சிக் கூடுதலாகக் கேட்கிறார். அதைக் கண்டு மொத்த வியாபாரி இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். உற்பத்தியாளர் மலைபோல் செய்து குவிக்கும்போது கேட்பார் எவரும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் நால்வரும் பிறரைத் திட்டுகின்றனர். வாங்குவோர் மனம் குரங்காய் ஆடியது என்றும் சாதிக்கின்றனர். வாங்குவோரோ ஒருமுறைதான் மாறினர்.

இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. இவ்வாட்டத்தை நாம் ஆண்டுதோறும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறோம். 1929-இல் பிறந்த கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும், 1976-இல் பிறந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் தில்லித் தமிழருக்கு வெறும் வண்டிகளல்ல. ஊருக்கும் நமக்கும் இடையே உள்ள தொப்புள்கொடி. இடம் கிடைக்குமோ என்ற அச்சத்தில் ஒரு குடும்பம் இரண்டு தேதிகளுக்குச் சீட்டு எடுக்கிறது. அதனால் காத்திருப்போர் பட்டியல் நீள்கிறது. நீண்ட பட்டியலைக் கண்ட அடுத்த குடும்பம் மூன்று தேதிகளுக்கு எடுக்கிறது. கடைசி நாளில் ஒரு கூட்டம் ரத்துசெய்கிறது. இன்னொரு கூட்டம் ரத்துசெய்யவும் மறக்கிறது. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாக ரயில்வே குறைத்தது. 60 நாளுக்கு முன்பே பதிவு செய்யப்படும் சீட்டுகளில் சுமார் 21 விழுக்காடு ரத்தாகின்றன என்றும், 4 முதல் 5 விழுக்காட்டினர் ரத்தும் செய்யாமல் வண்டிக்கும் வராமல் இருந்துவிடுகின்றனர் என்றும் அப்போது காரணம் கூறப்பட்டது.

அந்த 4, 5 விழுக்காட்டில் நாமும் இருந்தோம். இதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத நமக்கு உரிமை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல். லீவு கிடைக்கும் தேதி நிச்சயமில்லை. ஆகவே ஒரு நாளைக்குப் பாஸிலும், மறுநாளைக்குக் கைப்பணம் கொடுத்தும் நான்கு நான்கு பெர்த்துகளாகப் பதிந்து வைத்தோம். லீவு முதல் நாளுக்கே கிடைத்தது. பெட்டி கட்டும் பரபரப்பில் இரண்டாவது சீட்டு பர்ஸிலேயே தங்கிவிட்டது. மறுநாள் மாலை பட்டியல் தயாரானபோது நாம் வண்டியில் சௌகரியமாக அமர்ந்து புளியோதரை உண்டுகொண்டிருந்தோம். சீட்டின் நினைவு வந்தது ஊர் சேர்ந்த பிறகு. 'போனது நம் பணம்தானே' என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

பிப்ரவரியில் நம் குடியிருப்பின் மாடி வீட்டு அன்பரைச் சந்தித்தோம். ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துப் பக்கம் சொந்த ஊர். தாயாருக்கு உடல்நலம் குன்றிய செய்தி வந்து, அந்த இரண்டாம் நாள் வண்டிக்குத் தமக்கும் மனைவிக்கும் சீட்டு எடுத்திருக்கிறார். காத்திருப்போர் பட்டியலில் 2, 3. பட்டியல் தயாரானபோதும் அவ்வெண்கள் அசையவில்லை. இருவரும் முன்பதிவில்லாப் பெட்டியில், இரண்டு இரவும் ஒரு பகலும், கழிவறைக் கதவருகே சூட்கேஸின்மேல் அமர்ந்து சென்றிருக்கின்றனர். அம்மையாருக்கு முழங்கால் வாதம். ரயில்வேயில் இருப்பவர் என்பதால் நம்மிடமே அவர் அதைச் சொல்லி வருந்தினார். "ரெண்டே ரெண்டு பேர் கேன்ஸல் பண்ணியிருந்தா ஆர்.ஏ.சி. ஆவது கிடைச்சிருக்கும், சார். உங்க இலாகா சரியில்லை" என்றார்.

வண்டியையும் தேதியையும் வகுப்பையும் நாம் திரும்பத் திரும்பக் கேட்டோம். அதே வண்டி; அதே தேதி; அதே வகுப்பு. நம் பர்ஸில் இருந்தவை நான்கு.

ஒரு வாரம் நமக்கு அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை. இலாகாவின்மேல் பழி போட்டுக்கொண்டு அவர் நிம்மதியாக இருக்கிறார். அதைக் கெடுப்பானேன் என்று நம் மனம் வாதித்தது. நல்ல வாதம்! இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறிப்போய் உள்ளதைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. அம்மையார் காப்பி கொண்டுவந்து வைத்தார். பிறகு அவர், "நீங்க மட்டுமா? போன தீபாவளிக்கு நானும் ரெண்டு நாளைக்குப் போட்டு வெச்சு, ஒண்ணை அப்படியே விட்டுட்டேன். அன்னிக்கு எந்தக் குடும்பம் கதவோரம் உட்கார்ந்து போச்சோ!" என்றார்.

சாணக்யபுரி என்ற பெயருக்கு உரியவரான கௌடில்யர் தம் அர்த்தசாஸ்திரத்தை அரசனின் பயிற்சியிலிருந்தே தொடங்குகிறார். மைசூரில் ஆர். சாமசாஸ்திரியார் ஏட்டுச்சுவடியிலிருந்து கண்டெடுத்து 1909-இல் பதிப்பித்த நூல் அது. கோட்டையும் கஜானாவும் வருமுன்பே புலனடக்கம் வந்துவிடுகிறது. இராஜ்யத்துக்கு ஏழு அங்கங்கள் என்று கூறும் அவர், அவ்வேழனுள் அரசனையும் ஓர் அங்கமாக எண்ணுகிறார். வள்ளுவரோ ஆறு அங்கங்களைக் கூறி, அவற்றை உடையவனாக அரசனை நிறுத்துகிறார். எது உயர்வு என்று பட்டிமன்றம் நடத்த நாம் புகவில்லை. தலைவனும் இயந்திரத்தின் ஓர் உறுப்பே, வெளியே நின்று விசையைத் திருகுபவன் அல்லன் என்ற அளவில் கௌடில்யரின் எண்ணிக்கை நமக்குப் பிடித்திருக்கிறது.

இவ்விடத்தில் அரியலூரை நினையாமல் இருக்க முடியாது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியுமுன், சென்னையிலிருந்து தூத்துக்குடி செல்லும் எக்ஸ்பிரஸ், மருதையாற்று வெள்ளம் அரித்த பாலத்தில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்துக்காக ஒருமுறை ராஜிநாமா கொடுத்து, அது ஏற்கப்படாமல் பதவியில் தொடர்ந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை விலகியே தீர்ந்தார். விபத்துக்கு அவர் காரணரல்லர், அரசியல் நெறிக்காகவே விலகலை ஏற்பதாகப் பிரதமர் நேரு பாராளுமன்றத்தில் விளக்கினார். பாலத்தைக் கட்டியவரும் சாஸ்திரி அல்லர். மழையைப் பெய்வித்தவரும் அல்லர். 'நானும் இதில் ஓர் அங்கம்' என்று அவர் கூறியதாகவே நாம் அதைக் கொள்கிறோம்.

ஆனால் ராஜிநாமா பாலத்தைப் பழுதுபார்க்காது என்பதும் மெய்யே. ஒருவர் போனதும் கணக்குத் தீர்ந்தது என்று மற்றவர் உறங்கிவிடும் அபாயமும் அதில் உண்டு. அதனால்தான் அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தியை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். ரயில் விபத்துகளை விசாரிக்கும் அதிகாரிகளை 1941-ஆம் ஆண்டிலேயே ரயில்வே போர்டின் பிடியிலிருந்து பிரித்து வேறு இலாகாவின் கீழ் வைத்துவிட்டனர். இன்றும் ரயில் பாதுகாப்பு ஆணையர்கள் விமானப் போக்குவரத்து அமைச்சின் கீழ் இருக்கின்றனர். ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு நகைப்போர் உண்டு. சம்பந்தம் இல்லாமையே அதன் பயன். தன் குற்றத்தைத் தானே விசாரிக்கும் ஸ்தாபனம் கீழ்ப்படியில் நிற்கும் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடும். வெளியிலிருந்து வருபவர் 'அந்தப் பாய்ன்ட்ஸ்மேன் பதினாறு மணி நேரம் வேலை செய்தது ஏன்?' என்று அடுத்த கேள்வியையும் கேட்பார். அடுத்த கேள்வியைக் கேட்பவர் காரியாலயத்தில் எப்போதும் பிரியமானவராக இருப்பதில்லை. அது வேறு விஷயம்.

நம் சங்கத்துக்கு வருவோம். மாடி வீட்டு அன்பரும் நாமும் பேசியதன் விளைவாக, சங்க நூலகத்தின் மேஜைமீது சென்ற ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பெற்றது. பண்டிகைக்கு ஊர் செல்வோர் தாம் பதிந்துள்ள தேதிகளை அதில் எழுதுவது. உறுதியானதும் மற்றதை உடனே ரத்துசெய்து, அதையும் குறிப்பது. காத்திருப்போர் தம் வண்டியையும் எண்ணையும் எழுதி வைப்பது. சீட்டை ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்க விதி இடம் தராது. குடும்பத்தார் முதலிய சிலருக்கே அச்சலுகை உண்டு. ஆகவே இடம் குறிப்பிட்ட அன்பருக்கே போய்ச் சேரும் என்று எவரும் எண்ண வேண்டாம். பட்டியலில் முன்னே நிற்கும் யாரோ ஒருவருக்குப் போகும். அவர் தமிழராகவும் இருக்கலாம். நாக்பூரில் இறங்கும் மராட்டியராகவும் இருக்கலாம்.

முதல் மாதத்தில் அந்நோட்டில் எழுதியவர் மூவர். ஒருவர் மாடி வீட்டு அன்பர், ஒருவர் நாம், மூன்றாமவர் எழுதிவிட்டுத் தம் பெயரை அடித்திருக்கிறார். வரும் பொங்கலுக்கான பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நோட்டு நூலக அலமாரியின் பக்கத்து மேஜையில், பேனாவுடன் கட்டி வைக்கப்பட்டுள்ளது.